சுடுமண் மணி: துளை, காய்ச்சல், சூளை, பிறகு அடுத்தவர் கை

கேள்வி இதுதான். எட்டுத் தோழிகள் சேர்ந்து, ஆளுக்கொரு வடிவில் சுடுமண் மணி செய்து, பத்துப் பத்தாகப் பகிர்ந்துகொள்ளப் போகிறீர்கள். சென்ற முறை செய்தவற்றில் சில சூளையில் வெடித்தன. சில நன்றாக வந்தும் ஒரு வாரம் கழித்துப் பொரிந்து செதில் விழுந்தன. துளை ஒருபக்கம் ஒதுங்கியதால் கோத்த மாலை நெளிந்தது, ஒருவருக்கு நூலே அறுந்தது, தபாலில் போனவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. மண்ணை மாற்றுவதா, சூட்டைக் கூட்டுவதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சூட்டில் கைவைக்க வேண்டாம். நீங்கள் சொன்ன ஐந்து குறைகளில் நெருப்பின் பங்கு மிகக் குறைவு. வெடிப்பு ஈரத்தால் வருவது, செதில் சுண்ணாம்பால், நெளிவும் அறுபடுதலும் துளையால், ஒட்டிக்கொண்டது வார்னிஷால். மணியை நமக்கே செய்துகொண்டால் கோணல் துளையை எப்படியாவது சமாளித்துக் கோத்துவிடலாம். இன்னொருவர் கோக்கப்போகிற மணியில் அந்தச் சலுகை கிடையாது. அதனால் ஒவ்வொரு படியிலும் ‘இதை வாங்குகிறவருக்கு என்ன ஆகும்’ என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் மண். குயவரிடம் வாங்குகிற மண் பானைக்காக மணல் கலந்து மிதித்தது. பானைக்கு அந்த மணல் வேண்டும், மணிக்கு அது சொரசொரப்பு. அதை அப்படியே பயன்படுத்தாமல் வெயிலில் முழுக்கக் காயவைத்து, சுத்தியலால் வேர்க்கடலை அளவுக்கு உடைத்து, பிறகு நீரில் போடுங்கள். ஈரமான கட்டியை நீரில் போட்டால் நாள் கணக்கில் கரையாது. எலும்புபோல் காய்ந்த கட்டி சில நிமிடங்களிலேயே பொலபொலவென்று உதிரும். ஒரு நாள் ஊறியதும் கலக்கி, இரண்டு நிமிடம் நிறுத்தி வையுங்கள். கனமான மணல் அடியில் தங்கிவிடும். மேலே நிற்கிற குழம்பை மட்டும் பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, தெளிந்த நீரை இறுத்துவிட்டு, செங்கல் மேலோ துணி விரித்த திண்ணையிலோ ஊற்றி இறுகவிடுங்கள். கையில் ஒட்டாமல் பந்தாக உருளும் பதம் வந்ததும் பிசைந்து, ஈரத்துணி சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி இரண்டு வாரமாவது வையுங்கள். நீர் ஒவ்வொரு துகளுக்கும் சமமாகப் போய்ச் சேர அந்த இரண்டு வாரம் தேவை. நேற்றுக் கலந்த மண்ணுக்கும் ஊறிய மண்ணுக்கும் உள்ள வேறுபாடு உருட்டும்போதே கைக்குத் தெரியும்.

ஒரு வாரம் கழித்துச் செதில் விழுந்ததாகச் சொன்னீர்களே, அது மண்ணில் இருந்த சுக்கான்கல். சூளையில் அந்தச் சுண்ணாம்புத் துணுக்கு நீறாத சுண்ணாம்பாக மாறுகிறது. வெளியே எடுத்த பிறகு காற்றின் ஈரத்தை மெல்ல உறிஞ்சி உப்பி, மேலே இருக்கிற மண்ணைத் தள்ளிவிடுகிறது. விழுந்த குழியின் நடுவில் வெள்ளைப் புள்ளி இருந்தால் சந்தேகமே வேண்டாம், அதுதான். மண்ணை வாங்கும்போதே காய்ந்த கட்டி ஒன்றின்மேல் வினிகரோ எலுமிச்சைச் சாறோ நாலு சொட்டு விட்டுப் பாருங்கள். சுண்ணாம்பு இருந்தால் நுரைக்கும். கொஞ்சம் நுரைத்தால் துணியில் வடிகட்டினாலே தப்பிக்கலாம். பொங்கி நுரைத்தால் அந்த மண்ணை விட்டுவிடுங்கள், மணிக்கு உதவாது.

மண் ஒத்துவருமா என்று பார்க்க, பென்சில் கனத்துக்கு ஒரு திரி உருட்டி விரலில் சுற்றுங்கள். விரிசல் விடாமல் வளைந்தால் நல்லது. மேலெல்லாம் வெடித்தால் பசை போதாது, இன்னும் பசையுள்ள களியைச் சேர்க்க வேண்டும். அளவுக்கு மீறிப் பிசுபிசுத்தால் அது காயும்போது நிறையச் சுருங்கும். அதற்கு, சுட்டு உடைந்த ஓட்டுச் சில்லை மாவாக இடித்துச் சலித்து, பத்துக்கு ஒரு பங்கு கலக்கலாம். வீணாய்ப்போன மணிகளையே இடித்துக்கொள்ளலாம், ஆனால் வண்ணம் பூசாததாக இருக்க வேண்டும்.

இதோடு ஒரு அளவும் எடுத்துவிடுங்கள். கடையில் வாங்கிய மண்ணானாலும் இதைத் தவிர்க்காதீர்கள். 5 மி.மீ. கனத்தில் ஒரு பட்டை தட்டி, அதில் சரியாக 100 மி.மீ. கோடு கீறுங்கள். காய்ந்து சுட்ட பிறகு அந்தக் கோட்டை அளந்தால் உங்கள் மண்ணின் சுருக்கம் கிடைத்துவிடும். 91 மி.மீ. இருந்தால் சுருக்கம் 9 சதவீதம். இந்த வகை மண் பெரும்பாலும் 8 முதல் 12 சதவீதம் வரை சுருங்கும். மணியின் அளவு, துளையின் அளவு, அச்சின் அளவு எல்லாமே இந்த ஒரு எண்ணைப் பிடித்துத்தான் போடப்போகிறோம்.

எட்டுப் பேரும் ஒத்துக்கொள்ள எளிதான அளவு 12 மி.மீ. உருண்டை. சுருக்கம் 9 சதவீதமானால் பச்சை மணி 13.2 மி.மீ. இருக்க வேண்டும், அதற்கு மண் சுமார் 2.3 கிராம். எல்லா மணியும் ஒரே அளவில் வர இரண்டு வழி. ஒன்று, 0.1 கிராம் காட்டும் சிறிய தராசில் ஒவ்வொன்றாக நிறுப்பது. மற்றது, 8 மி.மீ. கனமுள்ள இரண்டு சட்டங்களுக்கு நடுவே மண்ணை வைத்துப் பூரிக்கட்டையால் தேய்த்து, 14 மி.மீ. வாயுள்ள குழாயாலோ மூடியாலோ வட்டம் வட்டமாக வெட்டுவது. அந்த வில்லை ஒவ்வொன்றும் ஒரு மணிக்குச் சரியாக இருக்கும். நூறு மணி செய்கிறவர்களுக்கு இரண்டாவதுதான் வேகம். நூறு மணிக்கு 230 கிராம் மண் போதும், சேதாரத்தோடு 300 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள்.

உருட்டும்போது செய்கிற தவறு ஒன்று உண்டு. வில்லையை மடித்து மடித்து உருண்டையாக்கினால் மடிப்பு உள்ளே ஒளிந்துகொள்ளும். வெளியே வழவழப்பாகத் தெரியும், சுட்டபின் சுருள்போல ஒரு கோடு விடும். அதனால் முதலில் வில்லையை விரல்களுக்கிடையில் அழுத்தி, மடிப்பில்லாத ஒரே கட்டியாக்கிவிட்டு, பிறகு உள்ளங்கையில் உருட்டுங்கள். கை காய்ந்திருந்தால் மேல்தோல் வெடிக்கும். ஈரத்துணியில் ஒருமுறை கையைத் தொட்டுக்கொண்டால் போதும். நீரைத் தொட்டுத் தொட்டு உருட்டினால் மேலே சேறும் உள்ளே காய்ந்த மண்ணுமாகி, காயும்போது இரண்டும் வேறு வேறு அளவில் சுருங்கும்.

இப்போது துளை. மணிக்கு உயிர் அதில்தான் இருக்கிறது. அரிக்கமேட்டில் குவியல் குவியலாகக் கிடைத்த சின்னஞ்சிறு கண்ணாடி மணிகளில் துளை முதலில் பிறந்தது, மணி பிறகுதான். உருகிய கண்ணாடியை உள்ளீடற்ற நீண்ட குழாயாக இழுத்து, அதைத் துண்டு துண்டாக நறுக்குவார்கள். ஆந்திரத்தின் பாப்பாநாயுடுபேட்டையில் நம் காலம்வரை அந்த முறை நீடித்து வந்திருக்கிறது. கல்மணிக்காரர்களோ, குஜராத்தின் கம்பாத்தில் இன்றும் செய்வதுபோல, ஒரு பக்கம் பாதி, மறுபக்கம் பாதி துளைத்து நடுவில் சேர்க்கிறார்கள். மண்மணிக்கும் கல்மணிக்காரர் வழிதான் பொருந்தும்.

உருட்டிய உடனே குத்தக் கூடாது, மணி நசுங்கும். 20, 30 நிமிடம் நிழலில் விட்டு, மேல்தோல் சற்று இறுகியதும் குத்துங்கள். கருவிக்கு சைக்கிள் சக்கரத்தின் ஸ்போக்ஸ் கம்பி மிகப் பொருத்தம். கனம் சுமார் 2 மி.மீ., வளையாது, துருவும் எளிதில் பிடிக்காது. முனையை மட்டும் கூராக்கிக்கொள்ளுங்கள். தேங்காய் ஈர்க்குச்சியில் குத்துகிறவர்கள் உண்டு. ஆனால் ஈர்க்கு ஒரு முனையில் தடித்து மறுமுனையில் மெலிந்து இருப்பதால் துளையும் அப்படியே வரும். கம்பியை உருட்டியபடி நேராக இறக்கி, எதிர்ப்பக்கத்தில் முனை எட்டிப் பார்த்ததும் நிறுத்தி, வெளியே எடுத்து, எட்டிப் பார்த்த அந்தப் புள்ளியிலிருந்து திரும்பக் குத்துங்கள். ஒரே பக்கமாகத் தள்ளி வெளியே கொண்டுவந்தால் மறுபக்கம் மண் பிதுங்கி முள்போல நிற்கும், பிறகு நூலை அறுப்பது அந்த முள்தான்.

துளை நடுவில் வர ஒரு எளிய ஏற்பாடு செய்யலாம். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மணியைப் பிடிக்காமல், உள்ளங்கைப் பள்ளத்தில் உட்காரவைத்து மேலிருந்து செங்குத்தாகக் குத்துங்கள். பிறகு கம்பியிலேயே வைத்து உருட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் துளை விலகியிருக்கிறது. அப்போதே மணியை நசுக்கி மறுபடி உருட்டிவிடலாம். பச்சை மண்ணில் எந்தத் தவறுக்கும் விலை கிடையாது.

2 மி.மீ. கம்பியில் குத்திய துளை சுட்டபின் சுமார் 1.8 மி.மீ. இருக்கும். இந்த அளவு பெரும்பாலானவர்களுக்கு ஒத்துவரும். ஒரு முனையில் வளையமுள்ள 0.8 மி.மீ. கம்பியான ஐ-பின் தாராளமாகப் போகும், மணி கோக்கிற மெல்லிய உலோக வடமான 0.4 மி.மீ. கனமுள்ள கியர் வயரும் போகும், ஒன்றரை மி.மீ. பருத்திக் கயிறும் மெழுகு தடவி நுழைத்தால் போகும். பட்டு நூலோ தடித்த பின்னல் கயிறோ கோக்கப்போகிறவர் குழுவில் இருந்தால் அவருக்குத் தனியாகப் பெரிய துளை வேண்டும். மண் பிசையும் முன்பே கேட்டுவிடுங்கள், சுட்ட மணியில் துளையைப் பெரிதாக்கப் போனால் பாதி உடையும்.

அடுத்து அரைக்காய்ச்சல் பதம். நகம் பட்டால் தடம் விழும், அழுத்தினால் வளையாது. மணிக்குச் செய்ய வேண்டிய நுண்வேலை எல்லாம் இந்தச் சில மணி நேரத்துக்குள்தான். 4 மி.மீ. துரப்பண முனை ஒன்றைக் கையாலேயே துளையின் இரு வாயிலும் வைத்து இரண்டு சுற்றுச் சுற்றினால் விளிம்பு கிண்ணம்போல மழுங்கும். ஒரு மணிக்குப் பத்து விநாடி வேலை. நூல் அறுபட்டது என்றீர்களே, இந்தப் பத்து விநாடியைச் செலவிட்டிருந்தால் அறுந்திருக்காது. மேற்பரப்பைப் பளபளப்பாக்க வேண்டுமானால் இதே பதத்தில் எவர்சில்வர் ஸ்பூனின் முதுகால் தேய்க்கலாம். 850 டிகிரிக்குள் சுடும்வரை அந்தப் பளபளப்பு நிற்கும், 1,000 டிகிரியை நெருங்கினால் மங்கிவிடும். காய்ந்த மணியை உப்புத்தாளால் தேய்க்க வேண்டாம். பறக்கிற தூசியில் சிலிகா இருக்கிறது, அது நுரையீரலுக்குப் பெரிய கேடு. ஈரப் பஞ்சால் துடைத்தாலே மேடுபள்ளம் சமமாகும்.

நிறத்தையும் இந்த இடத்திலேயே கொடுத்துவிடலாம் என்பது என் கட்சி. காவிக்கல்லைப் பொடித்து, அதே மண்ணின் மெல்லிய குழம்பில் கலந்து, அரைக்காய்ச்சல் மணியில் இரண்டு பூச்சுப் பூசித் தேய்த்துவிட்டால், சுட்டதும் ஆழ்ந்த சிவப்பு நிரந்தரமாக நிற்கும். அதற்கு வார்னிஷ் வேண்டாம், வியர்வையில் உரியாது, தபாலில் ஒட்டாது. அக்ரிலிக் வண்ணத்தின் பளீர் நீலமும் தங்கமும் இதில் கிடைக்காதுதான். ஆனால் பகிர்ந்துகொள்ளச் செய்கிற மணிக்கு உரியாத நிறமே மேல்.

காயவைப்பதில் இரண்டு தவறுகள் பரவலாக நடக்கின்றன. ஒன்று வெயில். வெளித்தோல் முதலில் சுருங்கி, உள்ளே இன்னும் பெருத்திருக்கிற மண்ணை இறுக்கிப் பிடிக்கும்போது வெடிக்கிறது. மற்றது, மணியைக் கம்பியில் கோத்தபடியே காயவைப்பது. மண் சுருங்கும், கம்பி சுருங்காது, எனவே துளையிலிருந்து வெளிப்பக்கம் நோக்கி ஒரு நேர்க்கோட்டு விரிசல். நீங்கள் அனுப்பிய படத்தில் மூன்று மணிகளில் இருந்தது இந்த விரிசலேதான். மணிகளைச் சாக்கின் மேல் பரப்பி, மெல்லிய துணியால் மூடி, நாளுக்கு இருமுறை உருட்டிவிடுங்கள். கோடையில் மூன்று, நாலு நாள், ஐப்பசி கார்த்திகை அடைமழையில் பத்து நாள்கூட ஆகும். கன்னத்தில் வைத்துப் பாருங்கள், சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. இதைவிட உறுதியான சோதனை தராசு: பத்து மணியைச் சேர்த்து இன்று எடை போட்டு, நாளையும் போட்டுப் பாருங்கள், எடை மாறவில்லையென்றால் காய்ந்துவிட்டது.

அப்படிக் காய்ந்த மணியிலும் காற்றின் ஈரம் கொஞ்சம் ஒட்டியிருக்கும். நீர் ஆவியானால் 1,600 மடங்குக்கு மேல் இடம் கேட்கும். வெளியேற வழியில்லாத ஆவி மணியைப் பிளந்துகொண்டு போகும். சூளையில் ‘டப்’ என்று கேட்கிற சத்தம் அந்த ஆவிதான். அதனால் சுடுவதற்கு முன் ஓவனில் 80 அல்லது 90 டிகிரியில் இரண்டு மணி நேரம் வையுங்கள், 100ஐத் தாண்டவிடாமல். ஓவன் இல்லாதவர்கள் அணைத்த அடுப்பின் வெதுவெதுப்பில் ஓரிரவு வைக்கலாம்.

சுடுதல். வீட்டு ஓவன் 250 டிகிரியோடு நின்றுவிடும், அதில் மண் சுடுமண் ஆகாது. மண்ணின் அமைப்புக்குள் பிணைந்திருக்கிற நீர் ஏறத்தாழ 450 முதல் 600 டிகிரிக்குள் வெளியேறிய பிறகுதான் அது திரும்பவும் கரைய முடியாத பொருளாகிறது. அதற்கும் மேலே 750 முதல் 850 வரை போனால் மணிக்கு வேண்டிய உறுதி வந்துவிடும். கேஸ் அடுப்பில் நேராக வைத்துச் சுட்டவை மேலே சிவந்து உள்ளே பச்சையாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

மின்சூளை கிடைத்தால் முதல் 150 டிகிரி வரை ஒரு மணி நேரத்துக்கு 60 டிகிரி வீதம் ஏற்றி, அங்கே ஒன்றரை மணி நேரம் நிறுத்துங்கள். பிறகு 600 வரை மணி நேரத்துக்கு 100, அதன்பின் 150 வீதம் 820 வரை. அங்கே அரை மணி நிறுத்தி அணைத்துவிடலாம். 573 டிகிரியில் மண்ணிலுள்ள படிகக்கல் துகள்கள் சட்டென்று அளவு மாறும், ஏறும்போதும் இறங்கும்போதும். அதனால் ஆறும்வரை கதவைத் திறக்கக் கூடாது. 100க்குக் கீழே வந்த பிறகு திறப்பதே நல்லது. மெருகுக் கண்ணாடிப் பூச்சு இல்லாத மணிகள் ஒன்றோடொன்று ஒட்டாது. ஒரு கிண்ணத்தில் குவித்தே சுடலாம்.

மின்சூளை இல்லையென்றால் உமிச் சூளை. பக்கவாட்டில் ஏழெட்டு ஓட்டை போட்ட 15 லிட்டர் எண்ணெய் டின்னில் அடியில் நாலு விரற்கடை உமி, அதன்மேல் வறட்டித் துண்டுகள். மணிகளைச் சின்ன மண்சட்டியில் போட்டு மடக்கால் மூடி நடுவில் வைத்து, சுற்றிலும் மேலேயும் வறட்டியை நெருக்கமாக அடுக்குங்கள். நெருப்பை மேலிருந்து மூட்டினால் சூடு மெல்ல இறங்கும், கீழிருந்து மூட்டினால் முதல் பத்து நிமிடத்திலேயே பாதி வெடித்துவிடும். மூன்று நாலு மணி நேரம் எரிந்து, சாம்பலுக்குள்ளேயே மறுநாள் காலை வரை கிடக்கட்டும். வெட்டவெளியில், கூரைக்கும் துணிக்கொடிக்கும் தள்ளி, பக்கத்தில் ஒரு வாளி மணல் வைத்துக்கொண்டு செய்ய வேண்டிய வேலை இது. இருட்டிய பிறகு சுட்டால் சூட்டைக் கண்ணாலேயே அளக்கலாம். சட்டி இலேசாகச் செம்மை காட்டத் தொடங்கினால் 550 அளவு, பழுத்த சிவப்பானால் 750ஐத் தொட்டுவிட்டது.

கரும்புள்ளிகள் விழுந்தால் பதற வேண்டாம். மண்ணிலுள்ள இரும்பு காற்றோடு சேர்ந்தால் சிவக்கும். காற்று கிடைக்காமல் புகை உள்ளே புகுந்தால் கறுக்கும். மூடி சரியாகப் பொருந்தாமல் புகை பட்ட இடங்கள்தான் அவை. இதையே வேண்டுமென்றே செய்தால் கரு மணி கிடைக்கும்: சட்டிக்குள் மணிகளோடு மரத்தூளை நிரப்பி, மடக்கின் விளிம்பை மண் பூசி அடைத்துச் சுடுங்கள். ஆதிச்சநல்லூரிலும் கீழடியிலும் எடுத்த கறுப்பு சிவப்புப் பானைகளில் ஒரே கலத்தில் இரண்டு நிறமும் இருப்பதும் காற்றுப் பட்ட இடம், படாத இடம் என்ற இந்த வேறுபாட்டால்தான்.

மூன்றாவது வழி உங்கள் குழுவுக்கு இன்னும் பொருத்தமானது. ஊரில் சூளை வைத்திருக்கிற குயவர் அகல்விளக்கு, பானை சுடும்போது, மூடிய ஒரு சின்னச் சட்டியை மூலையில் வைக்க இடம் கேளுங்கள். எட்டுப் பேரின் எண்ணூறு மணியும் சேர்ந்தாலே ஒன்றேகால் கிலோதான், ஒரு பானைக்குள் அடங்கிவிடும். திருக்கார்த்திகைக்கு முந்தைய வாரங்களில் சூளை அடிக்கடி மூட்டுவார்கள். அவருடைய நேரத்துக்கும் விறகுக்கும் ஒரு தொகையை முன்பே பேசிக் கொடுத்துவிடுங்கள். ஆளுக்கொரு சட்டியில் தனித்தனியாகச் சுட்டால் எட்டு வகைச் சூடு. ஒரே சூளையில் சுட்டால் எல்லார் மணியும் ஒரே உறுதியில் வரும். ஒரே மாலையில் சேரப்போகிற மணிகளுக்கு அது பெரிய வசதி. யாருடையது எது என்று தெரிய, சட்டியில் போடும்போது ஆளுக்கொரு சிறு மண்கிண்ணம் வைத்து, அடியில் எழுத்தைக் கீறிவிடுங்கள். காகிதச் சீட்டு எரிந்துபோகும்.

சுட்டதும் ஐந்து மணியைச் சோதனைக்கு ஒதுக்குங்கள். மூன்றை ஓரிரவு நீரில் போடுங்கள். காலையில் அடியில் வண்டல் இருந்தாலோ நகத்தால் சுரண்ட மாவு வந்தாலோ சூடு போதவில்லை. மொத்தத்தையும் மறுபடி சுடலாம், கெட்டுப்போகாது. மீதி இரண்டைச் சிமெண்டுத் தரையில் அரையடி உயரத்திலிருந்து போடுங்கள். நன்றாக வெந்தது கணீரென்று ஒலிக்கும். ‘தொப்’ என்று விழுந்தால் உள்ளே விரிசலோ வேகாமையோ இருக்கிறது. சுக்கான்கல் சந்தேகம் இருந்தால் பத்து நாள் காத்திருந்த பிறகே அனுப்புங்கள், பொரிய வேண்டியது அதற்குள் பெரும்பாலும் பொரிந்துவிடும்.

அக்ரிலிக் பூசியே ஆக வேண்டும் என்றால், தூசியைக் கழுவி முழுக்கக் காயவைத்து, முதல் பூச்சை நீர் கலந்து மெல்லியதாகப் பூசுங்கள். சுடுமண் அதைக் குடித்துவிடும். அடுத்த இரண்டு பூச்சும் மெல்லியவை, நடுவே அரை மணி இடைவெளி. பூசும்போது மணியை ஈர்க்குச்சியில் செருகி, ஒரு வாழைத்தண்டில் குத்தி நிறுத்தினால் கை படாது. துளைக்குள் வண்ணம் இறங்கியிருந்தால் காயும் முன்பே கம்பியை விட்டு எடுத்துவிடுங்கள். வார்னிஷ் தடித்த ஒரு பூச்சாகப் போனால் மேலே காய்ந்து உள்ளே பிசுக்காக நிற்கும். நம் வெக்கையில் அது மாதக்கணக்கில் இளகும். மெல்லியதாக இரண்டு, ஒரு நாள் இடைவெளி, பிறகு குறைந்தது ஒரு வாரம் காற்றாட. மழை நாளில் வார்னிஷ் பூசினால் பால்போல வெளுக்கும். உங்கள் மணிகள் ஒட்டிக்கொண்டது, பூசிய மறுநாளே பிளாஸ்டிக் பையில் போட்டதால்.

மணி மட்டுமல்லாமல் பதக்கமும் கொக்கியும் செய்யப்போவதாக எழுதியிருந்தீர்கள். பதக்கத்துக்கு 4 முதல் 5 மி.மீ. கனம், எங்கும் ஒரே அளவாக. தடித்த மையத்தில் மெல்லிய இதழ் ஒட்டினால் இதழ் முதலில் காய்ந்து விட்டுப்போகும். ஒட்டும் இரண்டு பரப்பையும் ஊசியால் கீறி, அதே மண்ணின் குழம்பைத் தடவி அழுத்த வேண்டும். வெறும் நீர் ஒட்டாது. கம்பி வளையம் பதிக்க விரும்பினால் மின்னடுப்புச் சுருளில் இருக்கிற நிக்ரோம் போன்ற கம்பிதான் சூளையைத் தாங்கும். செம்பு கறுத்து, செதிலாக உதிர்ந்து, பிறகு முறியும். நிக்ரோமிலும் மண் அதைச் சுற்றிச் சுருங்கும் என்பதால், வளையத்தின் முறுக்கிய வாலை மட்டும் 6, 7 மி.மீ. உள்ளே விடுங்கள். முழு வளையத்தைப் புதைத்தால் குறுக்கே பிளக்கும். சுட்டபின் பசையில் ஒட்டிய கொக்கியைப் பகிர்வதற்கு அனுப்பாதீர்கள். வியர்வையும் வெப்பமும் பசையை விடுவிக்கும், அது வேறொருவர் காதிலிருந்து விழும்.

குச்சியும் வளையமுமாக மாட்டுகிற மண்கொக்கி அழகானது, ஆனால் கணக்குப் பிசகக் கூடாது. வளையத்தின் உள்விட்டம் சுட்டபின் 15 மி.மீ. என்றால் குச்சி 27, 28 மி.மீ. நீளம் வேண்டும். குட்டையானால் குனியும்போது மாலை கழன்றுவிடும். குச்சியை வளையத்துக்குள் நுழைக்கும்போது அதற்கு அடுத்த மணிகளும் கூடவே நுழைந்தாக வேண்டும். அதனால் குச்சிக்குப் பிறகு முதல் இரண்டு செ.மீ. 3 மி.மீ. மணிகளே வரட்டும். இதை வாங்குகிறவருக்கு ஒரு வரியில் எழுதித் தெரிவியுங்கள். அவர் பெரிய மணியைக் கோத்துவிட்டால் கொக்கி மாட்டவே மாட்டாது, குறை உங்கள் வேலையில் என்று நினைப்பார்.

அச்சைப் பகிர்வது பற்றியும் கேட்டிருந்தீர்கள். தோழி செய்த பதக்கத்தின்மேல் மண்ணை அழுத்தி அச்செடுத்தால், அந்த மண்ணச்சு காய்ந்து சுட்டுச் சுருங்கும், அதில் அழுத்தும் பதக்கமும் சுருங்கும். இரண்டு முறை 9 சதவீதம் போய் 30 மி.மீ. பதக்கம் 25க்கு வந்துவிடும், கோடுகளும் மழுங்கும். எனவே சுட்ட பொருளைக் கொடுக்காமல், பெரிதாகச் செதுக்கிய மூலத்தைக் கொடுக்க வேண்டும். அல்லது பச்சையாக இருக்கும்போதே பாரிஸ் சாந்தில் வார்த்துவிட வேண்டும். 100 கிராம் நீருக்கு 140 கிராம் சாந்து, நீரில் சாந்தைத் தூவ வேண்டும், சாந்தில் நீரை ஊற்றக் கூடாது. மாங்காய், அன்னம், கோலப்புள்ளி எல்லாருக்கும் பொது. ஒருவர் தன் மனத்தில் கண்டு செதுக்கிய வடிவத்தை அவரிடம் கேட்டுவிட்டு எடுங்கள், அதை விற்கலாமா என்பதையும் அப்போதே கேளுங்கள். பின்னால் வருகிற மனக்கசப்பு பெரும்பாலும் இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்காததால் வருவது.

பகிர்வுக்கு முன் எட்டுப் பேரும் எழுதி ஒத்துக்கொள்ள வேண்டியது நாலு விஷயம்: விட்டம் 12 மி.மீ., அரை மி.மீ. கூடுதல் குறைவு போகலாம், துளை 1.8 மி.மீ., 0.8 மி.மீ. கம்பி தடையின்றி ஓட வேண்டும். நீர்ச் சோதனையில் தேறியிருக்க வேண்டும். வார்னிஷ் பூசியிருந்தால் பூசிய தேதி. வடிவமும் நிறமும் அவரவர் விருப்பம். சுட்ட மணி ஒன்று ஒன்றரை கிராம் என்பதால், முப்பது மணி மாலை சுமார் 45 கிராம்தான், கழுத்து தாங்கும். காதணிக்குப் பதக்கம் செய்கிறவர்கள் ஒரு காதுக்கு 8 கிராமைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் பங்கு பத்தையும் சேர்த்து எண்பது வேண்டும், அதற்கு நூறு செய்யுங்கள். ஐந்து சோதனைக்கு, பத்து சேதாரத்துக்கு, மீதி ஐந்து உங்கள் கையில் மாதிரியாக இருக்கட்டும். யாராவது ஒரு வருடம் கழித்து ‘இன்னும் இரண்டு கிடைக்குமா, ஒன்று உடைந்துவிட்டது’ என்று கேட்டால் நிறம் ஒப்பிட அது வேண்டியிருக்கும்.

அனுப்பும்போது பத்து மணியையும் ஒரு பருத்தி நூலில், மணிக்கு மணி முடிச்சுப் போட்டுக் கோத்துவிடுங்கள். சுடுமண் உடைவது பெரும்பாலும் கீழே விழுந்தல்ல, பக்கத்து மணியில் மோதித்தான். அந்தச் சரத்தை மெல்லிய காகிதத்தில் சுற்றி, பிளாஸ்டிக் பை இல்லாமல், கெட்டியான அட்டைப் பெட்டியில் பஞ்சோ கிழித்த செய்தித்தாளோ அடைத்து வையுங்கள். மூடிய பெட்டியைக் காதருகே வைத்துக் குலுக்கினால் சத்தம் கேட்கக் கூடாது. கேட்டால் இன்னும் கொஞ்சம் காகிதம் வையுங்கள். சரத்தின் முனையில் ஒரு சிறு அட்டை கட்டி, எந்த மண், எத்தனை டிகிரி, காவிக்கல்லா அக்ரிலிக்கா, துளை எத்தனை மி.மீ. என்று பேனாவில் எழுதுங்கள். நனைந்தால் அழியாத பேனாவாக இருக்கட்டும்.